வராதவர் ஏன் "வந்துட்டேன்" என்கிறார்? எதிர்காலம் பேசும் தமிழ் பற்றி ஒரு சந்தேகம்

ஓடைக்கரை:
என் மருமகள் புனேக்காரி. கல்யாணமாகி கோவைக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. தமிழ் நன்றாகவே பேசுகிறாள், பத்திரிகைத் தலைப்பெல்லாம் எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். போன வாரம் ஆட்டோவுக்குப் போன் செய்தாள். "வந்துட்டேம்மா, வந்துட்டேன்" என்றார் அவர். இவள் கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். தெருவில் ஈ காக்கை இல்லை. 12 நிமிஷம் வெயிலில் நின்றிருக்கிறாள். ஆட்டோ வந்ததும், "வரல, ஆனா வந்துட்டேன்னு பொய் சொன்னீங்க" என்று சண்டை. எதற்குத் திட்டு வாங்குகிறோம் என்றே அந்த மனிதருக்குப் புரியவில்லை.

வீட்டுக்கு வந்து என்னைக் கேட்டாள்: "அத்தை, இன்னும் நடக்காததை நடந்து முடிஞ்ச மாதிரி ஏன் சொல்றீங்க?" நானும் ஆயிரம் தடவை அப்படிச் சொல்லியிருக்கிறேன். காரணம் சொல்லத் தெரியவில்லை. யாராவது சொல்லுங்களேன்.

இரவுப்பணி:
எங்கள் அலுவலகத்துக்கு இதற்கென்று தனி அகராதியே உண்டு அம்மா. "கிளம்பிட்டேன்" என்றால் கையில் சோப்பு இருக்கிறது. "வந்துட்டே இருக்கேன்" என்றால் செருப்பைத் தேடுகிறார். "வந்துட்டேன்" என்றால்தான் வண்டியைக் கிளப்பியிருக்கிறார் என்று பொருள். உங்கள் ஆட்டோக்காரர் நேர்மையானவர்.

நன்னூலான்:
சிரிப்பு இருக்கட்டும், இது பொய்யே இல்லை. தொல்காப்பியத்திலேயே இதற்கு அனுமதி இருக்கிறது. வினையியலில் ஒரு நூற்பா:

வாராக் காலத்தும் நிகழும் காலத்தும்
ஓராங்கு வரூஉம் வினைச்சொற் கிளவி
இறந்த காலத்துக் குறிப்பொடு கிளத்தல்
விரைந்த பொருள என்மனார் புலவர்

இனிமேல் நடக்கப் போவதையும் இப்போது நடப்பதையும், விரைவு தோன்றும்படி, முடிந்துவிட்டது போலச் சொல்லலாம் என்கிறது. இதற்கு உரைகாரர் காட்டும் காட்சி நம் வீட்டுக் காட்சிதான். ஒருவன் இன்னும் சாப்பிடவில்லை. அவனோடு அவசரமாகப் போகவேண்டியவன் வாசலில் நின்று "இன்னும் உண்டிலையோ?" என்று கேட்கிறான். உள்ளே இருப்பவன் "உண்டேன், போந்தேன்" என்கிறான். இலையில் இன்னும் சோறே விழவில்லை! அப்படியே இன்றைய பேச்சுக்கு மாற்றினால் "இதோ, சாப்ட்டுட்டேன், வந்துட்டேன்" என்றுதானே வரும்?

13ஆம் நூற்றாண்டு நன்னூல் இதையே சுருக்கி, "விரைவினும் மிகவினும் தெளிவினும் இயல்பினும் பிறழவும் பெறூஉம் முக்காலமும் ஏற்புழி" என்று ஒரே நூற்பாவில் (384) முடித்துவிடும். விரைவு மட்டும் காரணமில்லை, தெளிவும் ஒரு காரணம். "எறும்பு முட்டைகொண்டு தெற்றி ஏறின் மழை பெய்தது" என்பது அதற்கு உரைகளில் வரும் உதாரணம். தெற்றி என்றால் திண்ணை. எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறிவிட்டால் மழை பெய்துவிட்டதாகவே வைத்துக்கொள்ளலாம், அவ்வளவு உறுதி. இன்றைக்கு நாம் "அம்மாகிட்ட மாட்டினே, செத்தே!" என்கிறோமே, அதே கணக்கு. செத்தவன் யாருமில்லை.

ஓடைக்கரை:
ரொம்ப நன்றி ஐயா. இன்று காலை இதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். சோறு விழாத இலையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். கையோடு அடுத்த கேள்வியையும் போட்டுவிட்டாள். அவள் வாங்கிய தமிழ்ப் பாடப்புத்தகத்தில் "நான் நாளை வருவேன்" என்று இருக்கிறதாம். ஆனால் வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லையாம். எல்லாரும் "நாளைக்கு வர்றேன்" என்றுதான் சொல்கிறோமாம். யோசித்துப் பார்த்தால் உண்மைதான். வித்தியாசம் என்ன?

பாத்திரக்கடை:
இதற்குப் பதில் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. கும்பகோணத்தில் 26 வருஷமாகக் கடை. கடன் கேட்பவர்களின் வினைமுற்றைக் கேட்டே பிழைத்தவன் நான்.

"நாளைக்குத் தர்றேன்" என்பவர் தருவார். அவர் மனசுக்குள் நாள் குறித்துவிட்டார், நிகழ்காலத்தில் பேசுவதே அதனால்தான். "நாளைக்குத் தந்துடறேன்" என்றால் அதைவிட ஒரு படி மேல். பாக்கி நிற்பது அவரையே உறுத்துகிறது, முடித்துத் தலைமுழுக நினைக்கிறார் என்று அர்த்தம். "தந்துடுவேன்" என்று ஆரம்பித்தால் கொஞ்சம் உஷார். நாம் சந்தேகப்படுகிறோம் என்று அவருக்கே தோன்றிவிட்டது, அதனால் சமாதானம் சொல்கிறார். வெறும் "தருவேன்" என்றால் எப்போது என்பது அவருக்கும் தெரியாது. "தரலாம்னு இருக்கேன்" என்று சொன்னவரை நான் மறுபடி பார்த்ததில்லை. "பார்த்து செய்யறேன்" என்பவர் கடன்காரரே இல்லை, அவர் நமக்கு தர்மம் செய்யப் போகிறவர்!

ஒரு தவலை விஷயம் சொல்கிறேன். ஒரு பெரியவர், மகள் வளைகாப்புக்கு வாங்கிப்போனார். பாதிப் பணம் பாக்கி. "வெள்ளிக்கிழமை தர்றேன்" என்றார். வெள்ளிக்கிழமை மழை கொட்டுகிறது, நான் கதவைப் பாதி இறக்கிவிட்டேன். குடையை மடக்கிக்கொண்டு குனிந்து உள்ளே வந்து ஈரக்கையால் பணத்தை எண்ணிக் கொடுத்தார். "தருவேன்னு சொல்லியிருந்தா நாளைக்கு வந்திருப்பேன், தர்றேன்னுல்ல சொல்லிட்டேன்" என்றார். இலக்கணம் படித்தவர் இல்லை அவர்.

எங்கள் கடையிலும் "இன்று ரொக்கம் நாளை கடன்" பலகை உண்டு. அப்பா காலத்தில் மாட்டியது. அந்த நாளை இதுவரை வரவில்லை.

இரவுப்பணி:
அண்ணே, கடைக் கணக்கு பிரமாதம். ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள முடியவில்லை. "வருவேன்" எப்போதுமே பலவீனம் என்கிறீர்களா? "நீ எங்க வரப் போறே" என்று ஒருவன் சீண்டினால் "வருவேன்டா" என்றுதானே பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வோம்? அங்கே "வர்றேன்" என்றால் சப்பென்று இருக்காதா?

நன்னூலான்:
இரவுப்பணி சொல்வது சரி. பாத்திரக்கடை சொல்வதும் சரி. "வர்றேன்" என்பது ஏற்பாட்டைத் தெரிவிக்கிறது. முடிவாகிவிட்டது, இனி அதில் பேச ஒன்றுமில்லை. "வருவேன்" என்பது வருமா வராதா என்ற கேள்வி நடுவில் நிற்கும்போது வருகிற சொல். கேள்வி இருப்பதால்தான் அது சில இடத்தில் ஊகமாகவும், சில இடத்தில் சபதமாகவும் ஒலிக்கிறது. குரலை அழுத்தினால் சபதம், இழுத்தால் ஊகம். எழுத்தில் குரல் கேட்காது, பாடப்புத்தகத்தின் கஷ்டம் அதுதான்.

மூன்றாவதாக "வரப் போறேன்" இருக்கிறது. அது அறிகுறி தெரியும்போது வருவது. மேகம் திரண்டுவிட்டால் "மழை வரப்போவுது, துணிய எடு" என்போம். துணியை எடுக்கச் சொல்ல "மழை வரும்" போதாது. கட்டில் விளிம்பில் குழந்தை தவழ்ந்தால் "விழப் போறான்!" என்றுதான் கத்துவோம். "விழுவான்" என்றால் அது சோசியம். கையைக் கட்டிக்கொண்டு சொல்வது.

வடமராட்சி:
நாங்கள் யாழ்ப்பாணப் பக்கம். எங்களுக்கும் "நாளைக்கு வாறன்" தான் உறுதி, "வருவன்" என்றால் பார்க்கலாம் என்ற கதை. புறப்படும்போது "போட்டு வாறன்" என்றுதான் சொல்லுவம். வெறுமனே "போறன்" என்றால் அம்மம்மா பேசுவா.

இங்கே சென்னைக்கு வந்த புதிதில் எனக்கு நேரச் சொற்கள்தான் இடித்தன. "நாளைக்கு விடிய வாறன்" என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். நாளை காலை என்பது என் கருத்து. அவர் பொழுது விடியும் நேரம் என்று எடுத்து 5 மணிக்கே எழும்பி விளக்கைப் போட்டுக்கொண்டு காத்திருந்திருக்கிறார், பாவம். பின்னேரம், அதாவது சாயங்காலம், என்றால் அவருக்கு விளங்கவே இல்லை. "இரவைக்கு", "நாளையிண்டைக்கு" எல்லாம் அப்படித்தான். நாளையிண்டைக்கு என்றால் நீங்கள் சொல்லும் நாளை மறுநாள்.

கரிசல்மண்:
பேச்சில் நாளை மறுநாள் என்று யார் சொல்கிறார்கள்? எங்கள் வீட்டில் "நாளன்னைக்கு". கோயமுத்தூர்ச் சம்பந்தி வீட்டில் "நாளான்னிக்கு". நாளை மறுநாள் கல்யாணப் பத்திரிகைக்கும் செய்திக்கும்தான்.

ஓடைக்கரை அம்மா, உங்கள் மருமகளிடம் இன்னொரு விஷயமும் சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் மறுபடி யாரிடமாவது சண்டைக்குப் போவாள். எதிர்கால வினை போட்டால் எதிர்காலம் என்று நினைக்க வேண்டாம். "தம்பி எங்கே?" "வீட்லதான் இருப்பான்." இது இப்போதைக்கான ஊகம். "பஸ் போயிருக்கும், விடு." இது முடிந்துபோன விஷயத்தைப் பற்றிய ஊகம். "எங்க தாத்தா தினம் 4 மணிக்கு எந்திரிப்பாரு, நீச்சத்தண்ணி குடிப்பாரு, காட்டுக்குப் போவாரு." தாத்தா போய்ச் சேர்ந்து 20 வருஷம் ஆச்சு. ஆனாலும் அவர் இன்னும் எந்திரிச்சுக்கிட்டேதான் இருக்கார்.

நன்னூலான்:
இதற்கும் உரைகளில் உதாரணம் உண்டு: "யாம் பண்டு விளையாடுவது இக்கா." கா என்றால் சோலை. முன்பு நாங்கள் விளையாடியது இந்தச் சோலையில்தான் என்பதை எதிர்காலச் சொல்லால் சொல்வது. "இயல்பினும்" என்ற பகுதிக்கு இது காட்டு.

கொஞ்சம் பின்னால் போனால் காரணமும் ஓரளவு தெரியும். இன்று நாம் நிகழ்காலத்துக்குப் போடும் கிறு, கின்று இடைநிலைகள் சங்கப் பாட்டுகளில் மிக அரிது. அங்கே "செய்யும்" என்ற ஒரே வடிவம் நடக்கிறதையும் வழக்கமாக நடப்பதையும் இனி நடக்கப் போவதையும் சேர்த்துச் சுமந்தது. மூன்று காலத்துக்கும் பொதுவாக உள்ளதற்குத் தொல்காப்பிய உரை தரும் உதாரணம் "மலை நிற்கும்". நன்னூல் காலத்துக்கு வந்தால் அதே மலை "நிற்கின்றது" ஆகிவிடுகிறது. கிறு வந்து நடப்பதைப் பெரும்பாலும் எடுத்துக்கொண்டது. மிச்சமிருந்த வழக்கம், ஊகம், வருங்காலம் எல்லாம் பழைய வீட்டிலேயே தங்கிவிட்டன. "பசு பால் தரும்" என்பதில் தருவது நாளைக்கா என்று யாரும் கேட்பதில்லையே.

இரவுப்பணி:
அப்படியானால் எதிர்மறை? "வரமாட்டேன்", "வரல" இரண்டும் ஒன்றா? என் தோழி ஒருத்தி "நாளைக்கு வரல" என்று செய்தி அனுப்பினாள். நான் பதிலுக்கு "ஏன் வரமாட்டே?" என்றேன். ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை.

கரிசல்மண்:
பேசியிருக்க மாட்டாள்தான். "வரல" என்றால் தோதுப்படவில்லை. "வரமாட்டேன்" என்றால் மறுப்பு. அவள் சொல்லாத வீம்பை அவள் தலையில் கட்டியிருக்கிறீர்கள் தம்பி.

மாட்டேன் மனுஷருக்குத்தான் சரிவரும். ஆடு மாட்டுக்கும் மழைக்கும் "வராது". இலக்கணப்படி அஃறிணைக்கு வீம்பு கிடையாது. ஆனால் காலையில் என் பைக்கைப் பாருங்கள். உதைத்து உதைத்துக் கால் வலிக்கிறது, "ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது". மூடி "திறக்க மாட்டேங்குது". மாட்டேன் என்கிறது! வண்டி வாயைத் திறந்து மறுப்புச் சொன்ன மாதிரி. இந்த ஒரு சொல்லுக்காகவே தமிழுக்குக் கோயில் கட்டலாம்.

நன்னூலான்:
மாட்டுதல் என்றால் பழைய தமிழில் இயலுதல். மாட்டேன் என்றால் முதலில் "என்னால் முடியாது". முடியாது என்பதுதான் போகப் போக "முடியாது போ" ஆகிவிட்டது. இப்போதும் அந்த இரண்டு முடியாதும் நம்மிடம் ஒன்றாகத்தானே கிடக்கின்றன!

பாத்திரக்கடை:
எல்லாரும் வினையிலேயே நிற்கிறீர்கள். சண்டை வருவது தேதியில். "அடுத்த ஞாயிறு" என்றால் எந்த ஞாயிறு? என் அத்தை மகன் புதன்கிழமை போன் செய்து, "அடுத்த ஞாயிறு பையனுக்குக் காதுகுத்து" என்றான். நாலு நாளில் வருவது "இந்த ஞாயிறு", அதற்கடுத்ததுதான் "அடுத்த ஞாயிறு" என்று நான் நினைத்தேன். சீர்வரிசைத் தட்டு ஏழும் பித்தளையில் எடுத்துக்கொண்டு போய் இறங்கினால் வீட்டில் பந்தல் பிரித்த குழிதான் இருக்கிறது. அத்தை இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள். அன்றிலிருந்து நான் "வர்ற ஞாயிறா, அதுக்கும் அடுத்ததா, தேதி என்ன" என்று மூன்று கேள்வி கேட்காமல் போனை வைப்பதில்லை.

ஓடைக்கரை:
ஐயோ, எங்கள் வீட்டில் இதே போல "எட்டு நாள்". டாக்டர் "எட்டு நாள் கழிச்சு வாங்க" என்றார். அன்றைக்குச் செவ்வாய். மருமகள் விரல்விட்டு எண்ணி புதன்கிழமைக்கு வண்டி சொல்லிவிட்டாள். நான் செவ்வாய்க்கிழமைதான் என்றேன். "செவ்வாயோட செவ்வாய் எட்டு" என்று அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

நன்னூலான்:
நம் பழைய கணக்கு தொடங்கும் நாளையும் சேர்த்து எண்ணும். செவ்வாய் ஒன்று, புதன் இரண்டு... அடுத்த செவ்வாய் எட்டு. பதினாறாம் நாள் காரியத்தையும் இப்படித்தான் எண்ணுகிறோம், இறந்த நாளே முதல் நாள். இரண்டு வாரத்துக்குப் "பதினைஞ்சு நாள்" என்போம், அதுவும் இதே கணக்கு. இந்தக் காலத்துப் பிள்ளைகள் தொடங்கும் நாளை விட்டுவிட்டு எண்ணுகிறார்கள். அதனால் உங்கள் மருமகள் தப்புச் செய்யவில்லை. டாக்டர் எந்தக் கணக்கு என்பதை அவரைத்தான் கேட்கவேண்டும்.

இரவுப்பணி:
நான் குடியிருந்த வீட்டில் "5ஆம் தேதிக்குள் வாடகை" என்று பேச்சு. 5ஆம் தேதி காலை பணம் எடுத்துப் போனேன். "5ஆம் தேதிக்குள்ளன்னா நேத்தோட முடிஞ்சுது" என்றார் வீட்டுக்காரர். உள் என்றால் 5 உள்ளே வருமா வராதா?

பாத்திரக்கடை:
வரும்.

கரிசல்மண்:
வராது. "ஆறு மணிக்குள்ள வீட்டுக்கு வந்துடணும்" என்றால் ஆறு அடிக்கும்போது நீங்கள் வீட்டில் இருக்கவேண்டும்.

பாத்திரக்கடை:
மணி ஒரு புள்ளி. தேதி 24 மணி நேரம். 5ஆம் தேதி ராத்திரி கடை சாத்தும்வரை 5ஆம் தேதிக்குள்தான். நான் அப்படித்தான் வசூலித்திருக்கிறேன்.

நன்னூலான்:
மணிக்கும் தேதிக்கும் வித்தியாசம் உண்டு என்பதை ஏற்கிறேன். ஆனாலும் எழுதிக்கொடுப்பதாக இருந்தால் "5ஆம் தேதி வரை" என்று எழுதுங்கள். அதில் யாருக்கும் தகராறு இல்லை.

வடமராட்சி:
எனக்கு ஒரு குழப்பம். எதிர்காலம் என்கிறோம், எதிரே இருக்கிறது என்று பொருள். பிறகு "பின்னால வருத்தப்படுவாய்" என்கிறோம். அப்போ வருங்காலம் முன்னாலா, முதுகுக்குப் பின்னாலா?

நன்னூலான்:
நல்ல கேள்வி. "முன்னோர்" போனவர்கள், "முன்னாடியே சொன்னேனே" என்பது கழிந்தது. "பிற்பாடு", "பின்னால" இனி வருவது. ஆனால் தொல்காப்பியமே வருங்காலத்தை "எதிர்வு" என்கிறது. முரண் மாதிரி தெரியும். ரேஷன் கடை வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசையில் முன்னால் நிற்பவர் முதலில் வாங்கிப் போய்விட்டார், பின்னால் நிற்பவர் இனிமேல் வருவார். நாட்களும் அப்படி ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. முன், பின் என்பது அந்த வரிசைக்குள் இருக்கும் உறவு. நாம் கடைக்காரர் இடத்தில் நின்று பார்த்தால் அந்த வரிசை மொத்தமும் நமக்கு எதிரே.

தாராவித்தமிழன்:
தாமதமாக வருகிறேன். பம்பாயில் பிறந்து வளர்ந்தவன். ஓடைக்கரை அம்மா, உங்கள் மருமகள் உங்களை ஏமாற்றுகிறார்! மராத்தியிலும் இது உண்டு. கூப்பிட்டால் "ஆலோச்" என்பார்கள். அப்படியே "வந்துட்டேன்" தான், இறந்தகாலம். ஆள் இன்னும் உள்ளே சட்டை மாட்டிக்கொண்டிருப்பார். இந்தியிலும் "அபி ஆயா" இருக்கிறது. விடைபெறும்போதும் மராத்திக்காரர்கள் போகிறேன் என்று சொல்வதில்லை. ஆண்கள் "யேதோ", பெண்கள் "யேதே" என்பார்கள். வருகிறேன் என்று பொருள். போய் அவரிடமே கேளுங்கள்.

ஓடைக்கரை:
கேட்டேன். தோசைக்கல்லைத் திருப்பிக்கொண்டே யோசித்தாள். "ஆமா அத்தை, சொல்வோம். ஆனா ஆலோச் சொன்னா அடுத்த ரூம்ல இருந்து வருவாங்க. உக்கடத்துல இருந்து இல்லை" என்றாள்.